வேட்டிதான் கிழிஞ்சுச்சு

ஒக்காருங்கப்பா, ஒக்காருங்க. பேசுனது போதும். ஏ மஞ்சச் சட்டை அண்ணே, அந்தப் போனை அணைச்சுப் பையில போடுங்க. அக்கா, நீங்க ஒரு சாண் தள்ளி ஒக்காந்தா இந்தப் பெரியவருக்கும் எடம் கெடைக்கும். ஆங், அப்படி. ஊசி போடுற சிஸ்டர் வார்டுக்குள்ள போயிருக்காக. திரும்பி வந்து, ஐஸ் பெட்டியத் தெறந்து, பேரு கூப்பிட அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்கப் போறோமா? இந்த பெஞ்சுல ஒக்காந்துட்டோம்னா நாம பூராம் ஒரே குடும்பம். கடிபட்ட குடும்பம்.

நான் கடிபடல. அத மொதல்லயே சொல்லிர்றேன். நான் துணைக்கு வந்தவன். இந்தா, செவுத்தோட செவுரா ஒட்டி ஒக்காந்திருக்கே, இது என் மதினி, முத்திருளாயி. எங்க அண்ணன் சம்சாரம். இதுக்குத்தான் ஊசி. செவ்வாக்கெழமை மொத ஊசி, இன்னைக்கு ரெண்டாவது. காலையில வாசல்ல வந்து நின்னுச்சு. "ஆசுபத்திரி"ன்னுச்சு. அம்புட்டுத்தான். எங்க மதினி வருசத்துக்கு ரெண்டு வார்த்தைதான் பேசும். இந்த வருசத்துக்கு ஒண்ணு செலவாயிருச்சு, இன்னொண்ணு தீவாளிக்கு வச்சிருக்கு. என்ன மதினி? பாத்தீங்களா, முந்தானைய இழுத்து வாய மூடிக்கிருச்சு. சிரிக்குதா வையுதான்னு முப்பது வருசமா எங்க அண்ணனுக்கே தெரியாது.

நான் யாருன்னு கேக்கலையே நீங்க. வெயில்முத்து. மைக்செட் வெயில்முத்து. கருவேலங்குளம். ஆட்டோ மேல ரெண்டு மைக்குக் கொழாய் கட்டிக்கிட்டு, "வருகிறது வருகிறது"ன்னு போறது நாந்தான். கோயில் கொடை, பூச்சி மருந்து, தொலைஞ்சுபோன ஆடு, எதுவா இருந்தாலும் கூப்பிடுங்க. மத்தவிங்க மாதிரி ரிக்கார்டு போட்டு விட்டுட்டுத் தூங்க மாட்டேன். பூராம் சொந்தக் கொரலு. எங்க பஞ்சாயத்துத் தலைவர் இருக்காருல்ல, "அன்பார்ந்த... க்ஹும்... பொதுமக்களே... க்ஹும்". அந்த க்ஹும்மு அவரே போடுறத விட நான் நல்லாப் போடுவேன். ஒருக்கா போன்ல அவரு சம்சாரத்துக்கிட்ட ரெண்டு கிலோ மீன் வாங்கி வைக்கச் சொல்லிட்டேன். வாங்கியும் வச்சிருச்சு. மனுசன் வெள்ளிக்கெழமை விரதம்.

மாட்டு டாக்டர் ஒருத்தரு கோயமுத்தூர்ப் பக்கத்துலருந்து மாத்தலாகி வந்திருக்காரு. போன வாரம் என்னையக் கூப்புட்டாரு. "ஏனுங்க வெயில்முத்து, வெறிநாய்த் தடுப்பூசி முகாம் போடறோமுங்க, செவ்வாக்கெழமை. ஊருல இருக்கிற நாய் அத்தனையும் வரோணுமுங்க. ஒண்ணும் விட்டுப்போகக் கூடாதுங்க." எப்படி? சிரிக்காதீங்க, அப்படியேதான் பேசுவாரு. என்னென்ன சொல்லணும்னு வரிசையாச் சொன்னாரு. எனக்குப் படிப்பு ரெண்டாப்போட நின்னுபோச்சு. எழுதிக் குடுத்தா வாசிக்க வராது. ஆனா ஒருக்கா காதுல விழுந்தாப் போதும், அச்சு மாதிரி நிக்கும். கேளுங்க.

"நாயி கடிச்சா, பூனை பொராண்டுனா, ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுப் பதினஞ்சு நிமிசம் கழுவுங்க. மொளகாப்பொடி வைக்காதீங்க. சுண்ணாம்பு வைக்காதீங்க. காப்பித்தூள் வைக்காதீங்க. மந்திரிக்கப் போகாதீங்க. அன்னைக்கே ஆசுபத்திரிக்குப் போங்க. மொத நாளு, மூணாம் நாளு, ஏழாம் நாளு, இருபத்தெட்டாம் நாளு. கையிலதான் ஊசி. காசு கெடையாது. வீட்டு நாயா இருந்தாலும் போடணும், குட்டி நாயா இருந்தாலும் போடணும்."

ஒரு எழுத்து பெசகலையே? ஏன் மஞ்சச் சட்டை அண்ணே காலைப் பின்னால இழுக்குறீங்க? காட்டுங்க. அடப்பாவி மனுசா! மொளகாப்பொடி! காலுக்கு மொளகா பஜ்ஜி போட்டு வச்சிருக்காரய்யா! யாரு வச்சது? ஒங்க மாமியாரா? அந்தம்மாவுக்கு ஒங்க மேல வேற ஏதும் கோவம் இருக்கும்ண்ணே. போங்க, அந்தா வெளிய கொழாய் இருக்கு, சோப்பும் இருக்கு. கழுவிட்டு வாங்க. நேத்துக் கடிச்சதா இருந்தா என்ன, இப்பயாச்சும் கழுவுங்க. பதினஞ்சு நிமிசம்ண்ணே, ரெண்டு நிமிசத்துல ஓடி வந்துறாதீங்க. நான் கதைய மெதுவாச் சொல்றேன்.

அந்தத் தண்ணி பாட்டிலக் குடு மதினி. ஒரு வாய் குடிச்சுக்கிறேன்.

ம். எறங்குது.

எங்க விட்டேன்? ஆங், முகாமு. திங்கக்கெழமை சாயங்காலம் ஊருக்குள்ள ஆட்டோவ விட்டேன். சும்மா சொன்னா எவன் கேப்பான்? டீ குடிச்சுக்கிட்டு இருக்குறவன் டீயத்தான் குடிப்பான். அதுனால மொதல்ல ஒரு கொரைப்பு. நாட்டு நாயி, ராசபாளையம், மூணு மாசக் குட்டி, கார்ல ஏசி போட்டுப் போற வெள்ளை நாயி, அத்தனையும் கொரைச்சேன். சனம் கூடிருச்சு. அப்புறம் வெறி புடிச்ச நாயி மாதிரி ஒரு உறுமல். பொம்பளைக பிள்ளைகளத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டாக. அப்புறம் அந்தக் காலத்து ஊசி. "ஆத்தாடி, தொப்புளச் சுத்திப் பதினாறு ஊசி! ஒண்ணு... ஐயோ! ரெண்டு... ஐயய்யோ!" பதினாறு வரைக்கும் பதினாறு விதமாக் கத்துவேன். அதுக்குத்தான் கைதட்டு. "இன்னொருக்கா, இன்னொருக்கா"ன்னாக. மூணு தெருவுலயும் அதத்தான் கேட்டாக. கடைசியில கையில நாலு ஊசிதான்னு டாக்டர் கொரல்ல நல்லதும் சொல்லிட்டேன். அதுக்கு யாரும் கைதட்டல. அது என் தப்பா?

அதுல ஒரு சின்ன சங்கதி ஆயிப்போச்சு. கொழாய்ல நான் கொரைச்ச கொரைப்புக்கு ஊருல இருந்த நாயி பூராம், ஏதோ பெரிய படை வருதுன்னு நெனச்சு, கண்மாய்க்குள்ள ஓடிருச்சுக. மறுநாளு முகாம்ல டாக்டரு ஐஸ் பெட்டியோட ஒக்காந்திருக்காரு. ஊரே வந்து நிக்குது. நாயி மட்டும் இல்ல. டாக்டரு என்னையப் பாத்தாரு. "ஏனுங்க, நீங்க கொரைச்சீங்களா?" "ஆமாங்கய்யா." "எவ்வளவு நேரமுங்க?" "ரெண்டு மணி நேரங்கய்யா." நெத்தியில அடிச்சுக்கிட்டாரு.

ஆனா முகாமு நடந்துச்சு. நாப்பத்தோரு நாயி! கண்மாய்க்கரையில போயி நின்னுக்கிட்டு ஒரு அலுமினியத் தட்டுல கரண்டியால டங்கு டங்குன்னு தட்டுனா போதும், சோறுன்னு நெனச்சு அத்தனையும் வந்துருச்சு. அது என் ரோசனை. சரி, தட்டுனது மதினி. ரோசனையும்... ரோசனையும் மதினிதான். ஆனா நான் பக்கத்துலயே நின்னேன்ல? வேணுமின்னா கேளுங்க. ஏன் மதினி, நான் நின்னேனா இல்லையா? பேசாது. விடுங்க.

மதினிய நாயி எப்பக் கடிச்சதுன்னு கேக்குறீகளாக்கா? திங்கக்கெழமையே. நான் மைக்குல கத்திக்கிட்டு இருக்கும்போதே. நாயின்னா நாயி கூட இல்ல. குட்டி. அஞ்சு மாசம். மதினி வளத்த குட்டி, பேரு பூந்தி. மனுசரோட பேசாத மதினி அதுகூட நாள் பூராம் பேசும். "சாப்புட்டியாடி, வெயில்ல ஏன்டி படுக்குற, அங்கிட்டுப் போகாதடி"ன்னு. செவுத்துக்கு இங்கிட்டு இருந்து நானே கேட்டிருக்கேன். எங்க வீட்டுக்காரி ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு அவுக ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கா. மதினி வீட்டுலதான் எனக்குச் சோறு. சோத்தோட அந்தப் பேச்சையும் கேட்டுக்கிட்டுத் திம்பேன்.

ஒரு மாசத்துக்கு முன்னால எங்கிருந்தோ ஒரு ஊர் சுத்துற நாயி வந்து பூந்தி காதக் கவ்விட்டுப் போச்சு. மஞ்சளத் தடவி விட்டோம். ஆறிப்போச்சு. யாரு அதப் பத்தி நெனச்சா? குட்டிக்கு ஊசி போடணும்னு யாருக்குத் தெரியும்? எனக்கே டாக்டர் சொல்லித்தான் தெரியும். அப்புறம் போன வாரம் ரெண்டு நாளா அது சரியில்ல. கூப்புட்டா வரல. கட்டில் காலக் கடிச்சுச்சு. கொரலு ஒரு மாதிரி கம்மிப்போச்சு. நாளைக்கு முகாம்ல காட்டுவோம்னு மதினி நெனச்சிருக்கு. ஒரே ஒரு நாளு.

மதினி, பாட்டில்ல தண்ணி தீந்துபோச்சு. அந்தக் கொழாய்ல பிடிச்சுட்டு வர்றியா? மஞ்சச் சட்டை அண்ணே அங்கனதான் காலக் கழுவிக்கிட்டு இருப்பாரு, பதினஞ்சு நிமிசம் ஆச்சான்னும் பாத்துட்டு வா.

போயிருச்சா? கிட்ட வாங்க, கிட்ட வாங்க. இது நமக்குள்ள.

நான் மதினி வீட்டு வாசல்ல ஆட்டோவ நிப்பாட்டி, ஒரு காலக் கீழ ஊனிக்கிட்டு, குட்டி மாதிரி கொரைச்சேன். வாழ்க்கையில அப்படி ஒரு கொரைப்பு நான் கொரைச்சதில்ல. உள்ள இருந்து பூந்தி பாய்ஞ்சு வந்துச்சு பாருங்க! இன்னொரு நாயி வந்திருச்சுன்னே நெனச்சிருச்சு! எத்தனையோ பேரு என்னையப் பாராட்டியிருக்காக, எம்மெல்லே கூடத் துண்டு போத்தியிருக்காரு. ஆனா ஒரு நாயே என்னைய நாயின்னு ஒத்துக்கிட்டது அன்னைக்குத்தான். வந்து கெண்டைக்காலக் கவ்வுச்சு. மதினி ஓடி வந்து பிரிச்சுச்சு, அப்பத்தான் அதுக்கு மணிக்கட்டுல பல்லு பட்டுச்சு. "ஒனக்கு?"ன்னுச்சு என்னைய. அதான் இந்த வருசத்து மொத வார்த்தை. அப்ப இன்னைக்குச் சொன்ன "ஆசுபத்திரி" ரெண்டாவது. சரி, தீவாளிக்கு ஒண்ணும் இல்ல. "எனக்கு ஒண்ணும் இல்ல மதினி, வேட்டிதான் கிழிஞ்சுச்சு"ன்னேன். பின்ன என்னத்தச் சொல்ல? ஊரே சுத்தி நிக்குது. நாய்க்கடிக்கு விளம்பரம் பண்ண வந்தவன நாயி கடிச்சுருச்சுன்னா, நாளையிலருந்து என்னைய மைக்செட் வெயில்முத்துன்னா கூப்புடுவாய்ங்க?

மதினி அப்படியே தெருக்கொழாய்க்குப் போயி, சோப்பப் போட்டுக் கழுவுச்சு. நாந்தான் பக்கத்துல நின்னு டாக்டர் கொரல்ல நேரம் சொன்னேன். "பத்து நிமிசமாச்சுங்க, இன்னும் அஞ்சு நிமிசமுங்க, வெரலிடுக்குலயும் கழுவுங்க." வேட்டிக்குள்ள எனக்கு ரத்தம் செருப்பு வரைக்கும் எறங்கிருச்சு. ஆனா ஒரு நிமிசம் கூடக் கொறையாமக் கழுவ வச்சேனா இல்லையா? அதுதான் தொழிலு.

வீட்டுக்குப் போயித்தான் பாத்தேன். சின்னதுதான். ரெண்டு பல்லு. சரி, நாலு. காப்பித்தூள வச்சுக் கட்டிட்டேன்.

ஏக்கா அப்படிப் பாக்குறீக? தெரியும், தெரியும், காப்பித்தூள் வைக்காதீங்கன்னு நாந்தான் சொன்னேன். அது ஊருக்குச் சொன்னது. வேட்டிய மதினிதான் தொவைச்சுக் குடுத்துச்சு. எதுவும் கேக்கல. அதுதான் பேசாதே, அந்த வகையில தப்பிச்சேன்.

வியாழக்கெழமை பூந்தி செத்துப்போச்சு. தண்ணித்தொட்டிக்கு அடியில போயிப் படுத்துக்கிச்சு, அப்படியே. டாக்டரு கையொறை போட்டு வந்து தூக்கிட்டுப் போனாரு. "வெறிதானுங்க, சந்தேகமே இல்லைங்க, யாராச்சும் கடி வாங்கியிருந்தா ஒருத்தர் விடாம ஊசி போடோணுமுங்க"ன்னாரு. என்னையப் பாத்துத்தான் சொன்னாரு. "ஊரு பூராம் சொல்லிர்றேங்கய்யா"ன்னேன். அன்னைக்குச் சாயங்காலமே ஆட்டோவ எடுத்துச் சொல்லவும் செஞ்சேன்.

பயமா? எனக்கா? என்னக்கா நீங்க. தொப்புளச் சுத்திப் பதினாறு இல்ல, கையிலதான்னு எனக்குத் தெரியாதா? என் வாயாலதான் சொன்னேன். ஆனா பாருங்க, அந்தப் பதினாறையும் இருபது வருசமாக் கத்திக் கத்தி, என் வயித்துக்கு அது நெசமாயிருச்சு. ஊசின்னு நெனச்சாலே தொப்புள் சுருங்குது. அதுபோக அஞ்சு நாளு ஆயிருச்சு. இனிமே போட்டு என்ன ஆகப் போகுது?

என்னது பெரியவரே? பிந்துனாலும் போடணுமா? பத்து நாளு கழிச்சு வந்தவுகளுக்கும் போட்டாகளா? ஒங்க மகளுக்கா? நல்லா இருக்காளா? ம். நல்லா இருக்கட்டும்.

ஒண்ணு சொல்றேன். சொல்லிட்டு மறந்துருவோம். எனக்குப் பத்து வயசு இருக்கும். எங்க தெருவுல பிச்சைமணின்னு ஒரு தறிக்காரரு. அவரை நாயி கடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு, புண்ணும் ஆறிப்போச்சு. ஒருநாளு மத்தியானம் அவுக வீட்டுல ஒரு டம்ளர் தண்ணிய நீட்டுனாக. குடிக்கணும்னு கைய நீட்டுறாரு. தாகம்னு கண்ணு சொல்லுது. வாய்க்கிட்ட கொண்டு போனதும் தொண்டையில இருந்து ஒரு சத்தம். தெருவுக்கே கேட்டுச்சு. மூணாம் நாளு தூக்கிட்டாக. நான் எல்லாக் கொரலும் எடுப்பேன். ரயிலு, மழை, செத்த வீட்டு ஒப்பாரி, கலெக்டரு. அந்தச் சத்தத்த மட்டும் எடுத்ததே இல்ல. எடுக்க வராதுன்னு இல்ல. வரும்.

அதுனாலதான் அஞ்சு நாளா தண்ணிய ஒரு மாதிரிப் பாத்துக் குடிச்சுக்கிட்டு இருக்கேன். காலையில எந்திரிச்சதும் ஒரு சொம்பு. எறங்குதா? எறங்குது. அப்புறம் அரை மணிக்கு ஒருக்கா. தண்ணி எறங்குறவனுக்கு என்ன பயம்? ஏக்கா, அப்படிப் பாக்காதீக. பிள்ளை பொறக்கப் போற நேரத்துல எவனாச்சும் சாவானா? பேரு கூட வச்சாச்சு.

உஷ். மதினி வருது.

வா மதினி. குடு பாட்டில. ஒண்ணுமில்ல, இவுகளுக்குத் தலைவரு இருமுறத இருமிக் காட்டுனேன், சிரிச்சாக. சிரிங்கப்பா. இந்தா மஞ்சச் சட்டை அண்ணனும் வந்துட்டாரு. ஆகா, காலு பளபளன்னு ஆயிருச்சேண்ணே! ஒங்க மாமியாரு பாத்தா அடையாளம் தெரியாது.

சிஸ்டரும் வந்துட்டாக. வணக்கம் சிஸ்டர். நாங்க எல்லாரும் நல்ல பிள்ளைகளா ஒக்காந்திருக்கோம். அந்த அக்காவ மொதல்ல கூப்பிடுங்க, பூனை பொராண்டுனது. அப்புறம் எங்க மதினி. பயப்படாத மதினி, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். நான் கதவுக்கிட்டயே நிக்கிறேன். உள்ள வர மாட்டேன், ரத்தம் பாத்தா எனக்கு ஆகாது, அது வேற விசயம்.

என்ன சிஸ்டர்? என்ன பேரு கூப்புட்டீங்க? வெயில்முத்துவா?

ஐயோ, தப்பு தப்பு. அது என் பேரு. துணைக்கு வந்தவன் பேர எழுதிக்கிட்டீங்க. முத்திருளாயின்னு இருக்கணும். "முத்து"ங்கிறதப் பாத்துட்டுக் கொழம்பியிருப்பீங்க. பேரு குடுத்தது எங்க மதினிதான், இதுக்குக் கூட்டத்துல பேசவே வராது, வாய்க்குள்ளயே சொல்லியிருக்கும். ஏன் மதினி, நீயே சிஸ்டர்கிட்டச் சொல்லு. இன்னைக்கு ஒனக்கு ரெண்டாவது ஊசின்னு சொல்லு. சொல்லு மதினி, வாயத் தெறந்து சொல்லு.

"என் ரெண்டாவது ஊசிய நேத்தே பஸ் ஏறி வந்து போட்டுட்டுப் போயிட்டேன். இன்னைக்கு வந்தது ஒனக்குத்தான்யா, கொழுந்தனாரே. எந்திரிச்சு உள்ள போ. போயி, எந்தக் கொரல்ல வேணும்னாலும் கத்திக்க."